மூன்றாவது படி

"உதவுறேன்னு வாயைத் திறந்தீங்க, தொலைச்சிடுவேன். தும்மல் வந்தாலும் வெளியே போய்த் தும்முங்க," என்றாள் மேனேஜர்.

டிசைனர் தலையாட்டினான். அவனுடைய ஆறு மாத உழைப்பு இந்த ஒரு மணி நேரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டர், பல்பு, பேட்டரி, ஒயர் என்று வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தார் கூடி எதையாவது செய்து பழகுகிற பட்டறை. அதை யார் வேண்டுமானாலும் நடத்தலாம். நடத்துகிறவரைக் கைபிடித்து அழைத்துப் போக டிசைனர் செய்த ஓர் இணையதளம். மொத்தம் ஏழு படி. ஏழாவதில் அழைப்பு பறக்கும்.

பறந்தால்தானே? சோதித்துப் பார்க்க வந்த ஐந்து பேரும் மூன்றாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். 'எங்கே? எப்போது? எத்தனை பேர்?' காலிக் கட்டங்களைக் கண்டதும் பரீட்சை எழுத வந்தவர்கள் மாதிரி முழித்தார்கள்.

ஆறாவது ஆளும் நின்றால் கடையை மூடிவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அதனால்தான் முந்தின நாள் மாலை, டிசைனர் எல்லாக் கட்டங்களிலும் அவசர அவசரமாக ஓர் உதாரணத்தைத் தட்டி வைத்திருந்தான்.

ஆறாவது ஆள், தையல்காரம்மா.

"என்னம்மா நடத்தப் போறீங்க?" என்றாள் மேனேஜர்.

"துணியில குட்டி பல்பு வச்சுத் தைக்கிறது. எங்க தெருப் பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. என் கடையில மிஷினை வச்சா நான் வெளியில நிக்கணும், அவ்வளவுதான் இடம்." சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "இது நிஜம்தானே? விளையாட்டு இல்லையே?"

"நிஜமேதான். கடைசி பட்டனை அமுக்கினா, நீங்க சொல்ற நம்பருக்கெல்லாம் அழைப்பு போயிடும்."

தையல்காரம்மா மௌஸைப் பிடித்தார். ஊசியில் நூல் கோக்கிற கவனம். முதல் படி, இரண்டாவது படி.

மூன்றாவதில் கை நின்றது.

தையல்காரம்மா கண்ணாடியை மேலே தள்ளி, திரையோடு முகம் ஒட்டுகிற மாதிரிக் குனிந்து படித்தார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். டிசைனர் வாயைத் திறக்கப் போக, மேனேஜரின் செருப்பு அவன் காலை மிதித்தது.

"அடடே!" என்றார் தையல்காரம்மா. முகம் மலர்ந்துவிட்டது.

டக். நான்கு. டக். ஐந்து. அப்புறம் கை நிற்கவே இல்லை. ஒன்பதே நிமிஷத்தில் திரையில் பச்சை டிக் விழுந்தது.

"ரொம்ப சுலபம் தம்பி! நான் எதுக்கு பயந்தேனோ அதையெல்லாம் நீங்களே பாத்துக்கிட்டீங்க. உங்க கம்பெனிக்கு இவ்வளவு நல்ல மனசா!"

"இதை அப்படியே எழுதிக்குங்க," என்று டிசைனரிடம் கிசுகிசுத்தாள் மேனேஜர். "முகப்புலயே போட்டுடலாம்."

அன்று மாலையே மேலிடம் சம்மதித்தது. டிசைனருக்கு இரண்டு நாள் கால் தரையில் பாவவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தவனிடம் ஓடி வந்தாள் மனைவி.

"ஏங்க, மாடிப்படி பூரா பொம்பளைங்களா நிக்கறாங்க! ஒருத்தங்க தையல் மிஷினையே தூக்கிட்டு வந்திருக்காங்க. என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

வாயில் பிரஷ்ஷோடு கதவைத் திறந்தான்.

"அட தம்பி! எனக்கு முன்னாடியே வந்துட்டீங்களா? பல்லு கூட இங்கேயே வந்துதான் விளக்கறீங்க போல!" என்று உள்ளே எட்டிப் பார்த்தார் தையல்காரம்மா. "உங்க கம்பெனி குடுத்த இடம் நல்ல காத்தோட்டம்!"

மூன்றாவது படியில், உதாரணத்துக்காக, யோசிக்காமலே அவன் விரலுக்கு வந்த விலாசம் சொந்த வீட்டு விலாசம்.

"மதியச் சாப்பாடும் உண்டுன்னு போட்டிருந்தீங்களே," என்றார் அவர். "நாப்பது பேரும் காலையில வயித்தைப் பட்டினி போட்டுட்டு வந்திருக்கோம்!"