வெட்டிப் பேச்சு

“நாக்கைச் சும்மா வைங்க,” என்றார் டாக்டர் ஷைலா.

யாஸ்மினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லி வருவதும் அதையேதான்.

படுக்கையில் கிடந்த அவள் புருஷன் கலீல் ரஹ்மானுக்குப் போத்தனூரில் கறிக்கடை. கத்தியைவிட வாய்க்குத்தான் அங்கே வேலை அதிகம். தொங்குகிற தொடைக்கறி துடிப்பதைக் காட்டி, “செத்துப்போன சேதியே இன்னும் இதுக்குத் தெரியாதுங்க, அத்தனை ஃப்ரெஷ்ஷு” என்று, கால் கிலோவுக்கு வந்தவர் தலையில் ஒரு கிலோவைக் கட்டிவிடுகிற ஆள்.

ரம்ஜான் கழிந்து அவருடைய கைச்சதையே அப்படித் துடிக்க ஆரம்பித்தது. சட்டையைச் சுருட்டி அதையும் வாடிக்கையாளர்களிடம் காட்டினார். அதே வசனம்.

பிறகு கத்தி நழுவத் தொடங்கியது.

இன்று முதலில் கையில்தான் ஊசி குத்தினார்கள். மருந்து ஊசி இல்லை; தசையின் மின்துடிப்பைப் பிடித்து, கம்பியில் கோத்த ஒரு பெட்டியில் சத்தமாகக் கேட்க வைக்கிற ஊசி. பெட்டியின் ஸ்பீக்கர் படபடத்தது. டாக்டர் விளக்கினார். விரலை லேசாக அசைத்தால் சின்ன நரம்புகள் வேலைக்கு வரும். பலம் கொடுத்தால்தான் பெரியவை எழுந்திருக்கும். இவர் கையில் பாதி நரம்புகள் செத்துவிட்டன. மிச்சமிருப்பவை, செத்தவை விட்டுப்போன தசையையும் சேர்த்து இழுக்கின்றன.

“எங்கூட்டுக் கதையேதானுங்க. அண்ணனுக ரெண்டு பேரும் மவுத்தாயிட்டாங்க. அவங்க குடும்பத்தையும் நான்தான் இழுக்கறேன்,” என்றார் கலீல்.

கை போனது தெரிந்த சங்கதி. மீதமிருந்தது நாக்கு.

சும்மா இருக்கும்போது ஸ்பீக்கரில் சத்தம் வராவிட்டால் நாக்கு தப்பித்தது. வந்தால் வியாதி அங்கேயும் ஏறிவிட்டது என்று அர்த்தம். பேச்சு இனிக் கொஞ்ச காலம்தான்.

மோவாய்க்கு அடியில் ஊசி இறங்கியது. கலீல் வாயை மூடினார்.

அதிசயம்தான். ஸ்பீக்கரும் வாயை மூடிக்கொண்டது.

யா அல்லா, இந்த ஒரு தடவையாவது இந்த மனுசனின் நாக்கு அடங்கிக் கிடக்கட்டும் என்று யாஸ்மின் துஆ கேட்டாள்.

டப்.

அப்புறம் டப், டப். அப்புறம் சோளம் பொரிகிற மாதிரி.

உதடு அசையவில்லை. தாடை அசையவில்லை. நாக்கு மட்டும் உள்ளே தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

டாக்டர் சத்தத்தைக் குறைத்தார். ஊசியை எடுத்தார்.

“என்னங்க சொல்லுச்சு?” என்றார் கலீல், மோவாயைத் தடவிக்கொண்டே.

டாக்டர் வார்த்தை தேடுவதற்குள் யாஸ்மின் முந்திக்கொண்டாள். “வேறென்னத்தச் சொல்லும்? வெட்டிப் பேச்சுதானுங்க.”

கறிக்கடைக்காரர் பெரிதாகச் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்த பிறகும், கொஞ்ச நேரம், விடாமல் சிரித்தார்.

போத்தனூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், காரமடைச் சந்தையில் வாங்கிய கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குள் புகுந்த கதையை ஆரம்பித்தார். பஸ்ஸுக்கே கேட்கிற குரல். யாஸ்மினுக்கு அது மனப்பாடம். கிடா பந்தி வரைக்கும் வந்ததும் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினார். “போதுமுங்க, ஜனங்க பாக்கறாங்க” என்று அவர் காலை அவள் வழக்கமாக மிதிக்கிற இடம் அது.

“அப்புறமுங்க?” என்றாள்.