உள்ளறையில் ஓர் ஓட்டை

கடைசிப் பருத்தி மூட்டையை நகர்த்தியபோதுதான் செங்கோட்டையன் அதைப் பார்த்தான். உள்ளறைச் சுவரில், தரையை ஒட்டி, ஓர் ஓட்டை. திருடன் கன்னம் வைத்திருக்கிறான்!

குனிந்து பார்த்தான். ஆள் நுழைகிற அகலம். மண் சுவரைக் குடைந்துகொண்டே போயிருந்த அந்த ஓட்டையின் மறுமுனையில், கைமுட்டி அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. இன்னும் ஒரு ராத்திரி வேலைதான் பாக்கி.

"ஏனுங்க, அங்க என்ன சத்தம்?" அடுப்படியிலிருந்து ராசாத்தாள் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல அம்மணி, எலி."

மூட்டையை ஓசைப்படாமல் பழையபடி சாய்த்து வைத்தான். மனைவியைப் பயமுறுத்த அவனுக்கு மனம் வரவில்லை.

பஞ்சு விலை விழுந்து ஊரெல்லாம் கையைப் பிசைந்துகொண்டிருந்த வருஷம் அது. காங்கயத்துக்குக் கிழக்கே தனித்தனியாக இருக்கிற தோட்டத்து வீடுகளில் திருட்டு நடக்கிறது என்று சந்தையில் பேச்சு அடிபட்டது. அன்றிலிருந்து செங்கோட்டையனுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் பிடிக்கவில்லை.

கிளுவை வேலிக்கு மேல் முள்ளை அடைத்தான். கதவுக்கு இரும்புப் பட்டை அடித்தான். தலைமாட்டில் வேல்கம்பு, கால்மாட்டில் ஒரு சட்டி மிளகாய்ப்பொடி. திருடன் வந்தால் கண்ணைப் பார்த்து வீச வேண்டும் என்று ராசாத்தாளுக்குச் சொல்லிக்கொடுத்தான். பாவம், அவளும் அடுப்புச் சாம்பலை வீசிப் பழகினாள். நாய் மட்டும் வளர்க்கவில்லை. ஒரு கறித்துண்டுக்கு விலை போகிற ஜென்மத்தை எப்படி நம்புவது?

அதோடு விட்டானா? காட்டு வேலைக்குப் போனால் ராசாத்தாளை உள்ளே வைத்து வெளியே பூட்டினான். ராத்திரியில் உள்ளே பூட்டினான். சாவி எந்நேரமும் அவன் அரைஞாணில் தொங்கியது.

அந்த நேரம் பார்த்துத்தான் வெள்ளகோவிலிலிருந்து ஆள் வந்தது. ராசாத்தாளின் தாய்க்கு மூன்று நாளாகக் கஞ்சி இறங்கவில்லையாம். மகள் பேரையே சொல்லிக்கொண்டு கிடக்கிறாளாம்.

"ஏழு கல்லு தூரந்தானுங்க. ஒரு எட்டுப் போயி மொகத்தைப் பாத்துப்போட்டு வந்தர்றேன்" என்று கெஞ்சினாள் ராசாத்தாள்.

"திருட்டுப் பயம் தீரட்டும் அம்மணி. வழியில உனக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

அவன் சொன்னது பொய்யில்லை. அவள் என்றால் அவனுக்கு உயிர். அழுதும் கேட்டாள், சாப்பிடாமலும் கேட்டாள். இரண்டு நாளாகக் கேட்பதையே நிறுத்திவிட்டாள். ஒருவழியாகப் புரிந்துகொண்டாள் என்று செங்கோட்டையன் நினைத்துக்கொண்டான்.

ஓட்டையைக் கண்ட அன்றைக்கு மத்தியானமே பக்கத்துத் தோட்டத்துப் பாலுசாமியைக் கூட்டிவந்து சுவரின் வெளிப்பக்கத்தைக் காட்டினான். பாலுசாமி தரையை உற்றுப் பார்த்தார்.

"கீழ ஒரு பிடி மண்ணைக்கூடக் காணோமுங்களே?"

"கைதேர்ந்த திருடனுங்க. அள்ளிக்கிட்டே போயிருக்கறான்."

ஓட்டையை அடைத்தால் வேறு இடத்தில் தோண்டுவான். ஆளைப் பிடித்துவிட வேண்டும் என்று இருவரும் முடிவு செய்தார்கள். சாயங்காலம் மஞ்சள் மூட்டை ஏற்றிய பாலுசாமியின் வண்டி வாசலில் வந்து நின்றது. ஊருக்கே கேட்கும்படி செங்கோட்டையன் கத்தினான்.

"ஈரோட்டுச் சந்தைக்குப் போறேன். நாளன்னிக்குத்தான் வாரேன்!"

"நான் ஒருத்தி உள்ள இருக்கறப்பப் பூட்டிப்போட்டுப் போறீங்களே" என்றாள் ராசாத்தாள் கதவுக்குப் பின்னாலிருந்து.

"நீ ஒருத்தியா இருக்கறதாலதான் அம்மணி. மூணு நேரத்துக்கும் சோறு தண்ணி இருக்குதல்லோ?"

திட்டத்தை அவளிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் பயத்தில் காரியத்தைக் கெடுத்துவிடுவாள்.

வண்டி மேட்டைத் தாண்டியதும் இறங்கிக்கொண்டான். நன்றாக இருட்டிய பிறகு திரும்பி வந்து, உள்ளறைச் சுவருக்கு எதிரே சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் அரிவாளோடு பதுங்கினான். கொசு பிடுங்கியது. கால் மரத்துப்போனது. அவன் அசையவில்லை.

நடுச்சாமத்தில் கறக் கறக் என்று சுரண்டும் சத்தம் கேட்டது. சுவருக்கு வெளியே ஒருவரையும் காணோம். சத்தம் வீட்டுக்குள்ளிருந்து வந்தது!

செங்கோட்டையனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவன் திரும்பி வருவதற்குள் எவனோ கூரையைப் பிரித்து உள்ளே இறங்கிவிட்டான். உள்ளே இருப்பதை வாரிக்கொண்டு இந்த வழியாக வெளியேறப் பார்க்கிறான். ராசாத்தாளை என்ன செய்தானோ? பூட்டின வீட்டுக்குள் அவள் எங்கே ஓடியிருப்பாள்? பாவி, நானே அடைத்துவைத்து அவன் கையில் கொடுத்துவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டான். அரிவாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றான்.

மண்கட்டிகள் வெளியே உருண்டன. துணி மூட்டை ஒன்று வந்து விழுந்தது. அப்புறம் முக்காடு போட்ட தலையொன்று மெல்ல ஊர்ந்து வந்தது.

அரிவாளை ஓங்கிவிட்டான். இறக்கியும் இருப்பான். வளையல் சத்தம் கேட்டு, கை அப்படியே நின்றது.

"அம்மணி! தப்பிச்சு வந்துட்டியா? உள்ள எத்தன பேரு?"

ராசாத்தாள் எழுந்து நின்றாள். அரிவாளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, மூட்டையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஆரும் இல்லீங்க. எங்கம்மாகிட்டப் போறதுக்கு நாந்தான் தோண்டுனேன்."