மேதையின் மனைவி

"இங்கே எல்லாரும் என்னை மேதைன்னுதான் கூப்பிடுறாங்க!" ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலிருந்து என் கணவன் ஹம்ஃப்ரி போனில் குதித்தான். அங்கே ஆட்டு ரோமம் வெட்டும் கொட்டகையில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"லண்டன்ல ஒருத்தரும் உன்னை அப்படிச் சொன்னதில்லையே?"

"இங்கே அறிவுக்கு மரியாதை இருக்கு. நேத்து ஒரு கேள்வி கேட்டேன். எல்லாரும் கத்தரியைக் கீழே வச்சுட்டு என்னையே பாத்தாங்க! நீயும் கிளம்பி வா."

வேலையை விட்டேன், வீட்டைக் காலி செய்தேன், விமானம் ஏறினேன்.

இறங்கிய அன்றே ஊர் பப்புக்கு அழைத்துப்போனான்.

"இவர்தான் சுருட்டை."

சுருட்டை தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார். தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி இல்லை.

"அதோ வர்றாரே, அவர் குள்ளன்."

குள்ளன் குனிந்து நுழைந்தும் வாசலில் தலையை இடித்துக்கொண்டார்.

"வாடா மச்சான், மேதை!" என்று இருவரும் ஹம்ஃப்ரியின் முதுகில் தட்டினார்கள். அவன் பூரித்துப்போனான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அட மண்டு!" என்று ஆரம்பித்தவள், மேசையிலிருந்த பீரெல்லாம் சூடாகும்வரை மூச்சுவிடாமல் திட்டித் தீர்த்தேன்.

சுருட்டை மரியாதையோடு எழுந்து, என் பக்கமாகக் கோப்பையை உயர்த்தினார்.

அன்றிலிருந்து இந்த ஊரில் என் பெயர் ஊமை.