பாய்லர் குழாய்ப் பொருத்தம்

மாப்பிள்ளைப் பையன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். ராஜமாணிக்கம் அவனை உள்ளறையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார்.

அனல்மின் நிலையக் குழாய்களைச் சோதிப்பது அவர் வேலை. வேங்கிக்கால் வீட்டின் உள்ளறைதான் சோதனைக்கூடம். பெண்ணைத் தம் தொழில்காரனுக்குத்தான் கொடுப்பார். ஜாதகத்தோடு, பையன் தன் கையால் சூடேற்றி ஆறவைத்த குழாயில் ஒரு துண்டும் வந்தாக வேண்டும்.

எப்படிச் சூடானோம், எப்படி ஆறினோம் என்பதை இரும்பு மறைக்காது என்பார். போன வரன் உலைக் கதவைச் சீக்கிரமே திறந்துவிட்டான் என்று துண்டு சொல்லிவிட்டது. அவசரக்காரன் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

இதுவும் தட்டிப்போனால் கல்யாணமே வேண்டாம் என்று மகள் நந்தினி சொல்லியிருந்தாள். சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். வெளியே, மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிவந்த கீழ்பென்னாத்தூர் வேன்காரன் ஹாரனை விடவில்லை. நல்ல நேரம் முடியப்போகிறது என்று பையனின் தாய்மாமன் தசரதன் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார்.

மாப்பிள்ளை பிரசாத் மட்டும் அசையவில்லை. ஆசிரமத்து வெள்ளைக்காரர்களைப் போல நிமிர்ந்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். பையனுக்குப் பக்தி ஜாஸ்தி போல என்று பக்கத்து வீட்டு மணியம்மாள் வியந்தாள்.

பொறுக்கமாட்டாமல் நந்தினியின் அம்மா தங்கம்மாள், புருஷன் இருந்த உள்ளறைக் கதவைத் தட்டினாள். "ஏங்க, பொண்ணு குடுக்கப் போறீங்களா, பாய்லர் வாங்கப் போறீங்களா?"

உள்ளே, பளபளவென்று தேய்த்து அமிலம் தடவிய துண்டில், வரப்பு போட்ட கழனி மாதிரி பெரிய பெரிய கட்டங்கள். உலையை அணைத்த பிறகும் கதவைத் தொடாமல், தானாக ஆறும்வரை விட்டால்தான் இப்படி வரும். இத்தனை வருஷத்தில் இவ்வளவு பொறுமையான இரும்பை அவர் பார்த்ததில்லை.

கதவு திறந்தது. "இந்தப் பையன்தான். தட்ட எடுங்க."

தட்டு மாறியது. நந்தினி அன்றைக்கு முதல்முறையாக உட்கார்ந்தாள்.

ராஜமாணிக்கம் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். ஷிப்டு முடிந்தால் கதவை இழுத்துத் திறந்துபோட்டு வீட்டுக்கு ஓடுகிற காலத்தில், அவ்வளவு நேரம் திறக்காமல் இருக்க எப்படி மனசு வந்தது என்று நெகிழ்ந்து கேட்டார்.

பிரசாத் மரியாதையாகச் சொன்னான்:

"யாராவது எழுப்பியிருந்தா தொறந்திருப்பேன் மாமா."