நிர்வாகி இல்லாவிட்டால்

“கேள்விய சத்தமாப் படி,” என்றார் என் வீட்டுக்காரர், கட்டிலில் சாய்ந்தபடி.

லேப்டாப் என் மடியில் இருந்தது. விவசாயத்தில் வரும் இடர்களைச் சமாளிப்பதற்கென்றே ஓர் இணையதளம். அதில் இருக்கும் படிவத்தை இன்று மாலைக்குள் நிரப்பினால்தான் இந்தப் பருவம் முழுக்க ஆலங்கட்டி மழை, வெள்ள எச்சரிக்கை எல்லாம் செல்பேசிக்கு வரும்.

அவர் சொல்லச் சொல்ல நான் தட்ட வேண்டும். அந்தத் தளத்தின் பாடங்கள் அத்தனையும் பார்த்து முடித்து, சான்றிதழ் வாங்கியவர். அன்றிலிருந்து வீட்டில் ஜன்னல் அடித்துக்கொண்டால்கூட அதற்கு ஒரு விளக்கம் உண்டு. எழுந்து சாத்தத்தான் ஆள் கிடையாது.

முதல் கேள்வி. எச்சரிக்கை எந்த எண்ணுக்கு வர வேண்டும்?

“என் நம்பரப் போடட்டுமா?” என்று கேட்டேன்.

“உனக்கு எதுக்கு? வந்தா மட்டும் புரிஞ்சிடப் போகுதா?”

போன பருவத்துப் பதிவில் அவர் எண்தான் இருந்தது; போன மாதம் ஆலங்கட்டி எச்சரிக்கை அதற்குத்தான் வந்தது. செல்பேசி தலையணைக்கு அடியில், அவர் மதியத் தூக்கத்தில். நான் ஓடிப்போய் நாற்றங்காலின் மேல் வலையை இழுத்து மூடுவதற்குள் மிளகாய் நாற்றில் பாதி போய்விட்டது. கொட்டாவி விட்டுக்கொண்டே, எதையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தார்.

இன்னொரு தரம் அப்படி ஆனால் நடுவதற்கு நாற்றே இருக்காது.

எண்ணைத் தட்டினேன்.

பயிர், பரப்பு, பாசனம் என்று கேள்விகள் வந்தன. கத்திரி எத்தனை வரிசை என்றதற்குக் கூரையைப் பார்த்து யோசித்தார். பிறகு வாய்க்கு வந்ததைச் சொன்னார். நான் சரியானதைப் போட்டுக்கொண்டே போனேன்.

கடைசிக் கேள்வி. பண்ணையை நிர்வகிப்பவருக்கு ஒரு மாதம் முடியாமல் போனால் வேலைகளை யார் பார்ப்பார்கள்?

அவர் சிரித்தார். “யாருமில்லன்னு போடு. நான் படுத்தா எல்லாம் படுத்துடும்.”

அதை மட்டும் அவர் சொன்னபடியே போட்டேன்.

முடிவு சிவப்பு எழுத்தில் வந்தது. படித்துக் காட்டினேன். ‘இடர் மிக அதிகம். உங்கள் பண்ணை ஒரே ஆளை நம்பி நடக்கிறது.’

“பாத்தியா, கம்ப்யூட்டருக்கே தெரியுது,” என்றார். முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

பதிவு முடிந்ததற்கான குறுஞ்செய்தி வந்த சத்தம் கேட்டது. அவர் தன் செல்பேசியை எடுத்துப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. சத்தம் என் இடுப்பிலிருந்து வந்தது.

“உங்களுக்கு சிக்னல் இல்ல போல,” என்று சொல்லி எழுந்தேன்.

மாவுக்கட்டுப் போட்ட அவர் காலைத் தூக்கித் தலையணைமேல் வைத்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினேன். அவர் படுத்து இன்றோடு அறுபத்து நாலு நாள். கத்திரி இரண்டாவது பறிப்புக்கு வந்திருந்தது.