பகல் மாத்திரை

காதர் மைதீன் கடைக்கு வெளியே இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். யாரும் வரவில்லை. தொங்கிய கைலிகளுக்குப் பின்னால் ஒதுங்கி, அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டியின் மூடியைத் திறந்து, மாத்திரையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூடினார்.

திருடன் முழி அப்படியே இருந்தது. ஆனால் பெட்டியும் அவருடையது, மாத்திரையும் அவருடையது, ஏன், பாதி பழுதான அந்த இருதயமும் அவருடையதுதான்.

"ஆச்சா பாய்?" பக்கத்துப் பூக்கடை மருதப்பன் மாலை கட்டியபடியே கேட்டார். "நோன்பு வச்சுக்கிட்டு தினமும் பொய் சொல்ற ஆளு இந்த சிராங்கூன் ரோட்டுலயே நீங்க ஒருத்தர்தான்லா."

"நான் எங்கேய்யா பொய் சொன்னேன்? பெட்டிதானே சொல்லுது."

வாய் என்னவோ அப்படிச் சொல்லிவிட்டது. உள்ளே சுருக்கென்றது.

போன வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு அவருக்கு நெஞ்சுவலி வந்தது. பிழைத்து வீடு திரும்பியதும் மகன் அஃப்னான் வாங்கிக்கொடுத்த பெட்டி அது. "வேளாவேளைக்கு மூடியைத் திறந்தீங்கன்னா என் போனுக்குப் பச்சை வரும் வாப்பா. திறக்கலேன்னா சிவப்பு வரும். சிவப்பைப் பார்த்தா எந்த மீட்டிங்ல இருந்தாலும் கூப்பிட்டுடுவேன்" என்று சொல்லிக்கொடுத்தான்.

மனைவி போன பிறகு புக்கிட் மேரா வீட்டில் தனியாகக் கிடந்த மனுஷர். தஞ்சோங் பகார் ஆபீசில் இருந்துகொண்டே பிள்ளை நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதில் அவருக்கு அப்படி ஒரு பூரிப்பு. கைலி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் பெட்டியைக் காட்டிப் பெருமையடிப்பார். மூடியைத் திறக்கும்போதெல்லாம் "போட்டுட்டேன்டா" என்று வாய்விட்டே சொல்வார்.

இந்த ரமலானில்தான் புத்தி தடம் மாறியது. "இந்த வருஷம் நோன்பு வேணாம், பகல் மாத்திரையை விடவே கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை உண்டு என்று பள்ளிவாசல் இமாமும் சொன்னார். மீசை முளைத்த நாளிலிருந்து நோன்பை விட்டறியாதவர் கேட்பாரா? பிள்ளை பதறக் கூடாதே என்று மூடியை மட்டும் நேரத்துக்குத் திறந்தார். மாத்திரை சட்டைப் பைக்குப் போனது.

போன வாரம் ஒரு நாள் உச்சி வேளையில் தலை கிறுகிறுத்தது. துணிக்கட்டின் மேல் சாய்ந்தவரை மருதப்பன் வந்து பார்த்து, முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியபோது சாயங்கால அசர் தொழுகை நேரம் வந்துவிட்டது. பெட்டியிலும் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. ஐயோ, பிள்ளை எத்தனை முறை கூப்பிட்டானோ என்று போனைத் துழாவி எடுத்துப் பார்த்தார். நல்லவேளை, கூப்பிடவே இல்லை. பாவம், வேலை மும்முரத்தில் கவனித்திருக்க மாட்டான் என்று மூச்சு விட்டார்.

அதை நினைத்துக்கொண்டு மருதப்பன் இன்றும் விடவில்லை. "விளையாட்டில்ல பாய். உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? தினமும் பச்சை வந்துச்சே, நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்னு காலம் பூரா குமையும். அந்தப் பாவம் உங்களுக்குத் தேவையா?"

தன் உயிருக்குப் பயப்படாத மனுஷர் இதற்குப் பயந்தார். நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளையை ஏமாற்றிவிட்டு என்ன நோன்பு, என்ன தொழுகை? அன்று இரவு தொழுகை விரிப்பிலேயே உட்கார்ந்து அழுதார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஃப்னான் பள்ளிவாசல் கஞ்சியோடு வீட்டுக்கு வந்தான். "நோன்பு திறக்க பாங்கு சொல்ல இன்னும் நேரம் இருக்கு. உங்களுக்கு இப்பவே ஊத்தவா வாப்பா? நீங்கதான் நோன்பு இல்லையே" என்று கிண்ணத்தை எடுத்தான்.

"வேணாம்டா. நானும் நோன்புதான்."

அஃப்னான் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"முதல் நாள்ல இருந்தே வைக்கிறேன். பகல் மாத்திரை ஒண்ணுகூட உள்ள போகல. மூடியை மட்டும் திறந்து உனக்குப் பச்சை அனுப்பிட்டு இருந்தேன்." காதர் மைதீன் மகன் கையைப் பிடித்துக்கொண்டார். "அத்தனை வேலைக்கு நடுவுல நீ என்னையே கவனிச்சுக்கிட்டு இருக்கே. உன் கண்ணுல மண்ணைத் தூவிட்டேனே. நாளையிலேர்ந்து நோன்பை விட்டுடுறேன், ஒழுங்கா மாத்திரை போடுறேன். வாப்பாவை மன்னிச்சிருடா."

அஃப்னான் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். தலை நிமிரவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. பெற்ற பிள்ளையை இப்படி அழவைத்துவிட்டோமே என்று பெரியவர் பதறினார்.

"திட்டணும்னா திட்டிருடா. இப்படி உட்காராதே."

"நான் எந்த வாயால வாப்பா உங்களைத் திட்டுவேன்?" போனை எடுத்து வாப்பா முன்னால் வைத்தான். "போன வருஷம் ஹஜ்ஜுப் பெருநாள் சமயத்துல நான் புது போன் வாங்கினேன்ல?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"அதுல அந்த ஆப்பை நான் போடவே இல்ல."