ஆறாவது ஜன்னல்

ஜன்னல் என்றால் திறக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். அது பெரும் பிழை. இத்தாலியில் ஒரு கிராமத்து மாளிகை. பழைய ரோமானியக் கோயிலைப் போல இரு பக்கமும் ஒத்திருக்க பக்கத்துக்கு ஆறு ஜன்னல் வேண்டும் என்றார் அதைக் கட்டியவர். இடப்பக்கம் புகைபோக்கி மறித்ததால், அங்கே ஆறாவதைச் சுவரில் வரைந்துவிட்டார்கள், பாதி திறந்த கதவோடு.

ஒரு குருவி வந்தது. “அண்ணே, முட்டையிடும் நேரம். உள்ளே விடுங்களேன்.”

தான் வெறும் சாயம் என்று சொல்ல ஜன்னலுக்கு மனம் வரவில்லை. “முதலாளி தூங்குகிறார். நாளைக்கு வாம்மா.”

மறுநாளும் வந்தது.

“கீலுக்கு எண்ணெய் போட ஆள் வரணும். நாளைக்குப் பார்ப்போம்.”

“பக்கத்து ஜன்னலைக் கேட்கட்டுமா?”

“அவனுக்கு இதிலெல்லாம் அதிகாரம் கிடையாது.”

மூன்றாம் நாள் மாலை, மாளிகைத் தோட்டக்காரர் தன் தொப்பியைப் புல்தரையிலேயே விட்டுவிட்டு வெறுந்தலையோடு வீட்டுக்குப் போனார். தொப்பிக்குள் குருவியின் மூன்று முட்டைகள் இருந்தன.